கம்ப்யூட்டர் எண் சொல்லும் இடத்துக்கு 'விடு சவாரி'!

காடோ, மேடோ, கடலோ கவலை இல்லை
சனிக்கிழமை 4 மணிக்கு 'ஆஜர்' ஆகும் விசித்திர கோஷ்டி
சென்னைக்கும் தினம் ஒரு புள்ளி உண்டு

கையில் செல்போன். தோளில் ஒரு பை. பைக்குள் தண்ணீர் பாட்டில், இரண்டு பன். கிளம்பி விட்டார் வாலிபர்.

"எங்கே தம்பி பயணம்?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால், "அது எந்த ஊர்னு எனக்கே தெரியாதுங்க. நம்பர் எங்கே சொல்லுதோ அங்கே!" என்பார்.

கோவிலுக்குப் போகவில்லை. கல்யாணத்துக்கும் போகவில்லை. அங்கே சொந்தக்காரர் யாரும் கிடையாது. போய்ச் சேரும் இடம் சோளக் கொல்லையாக இருக்கலாம். ஏரிக்கரையாக இருக்கலாம். ஏதோ ஒரு கடையின் பின்புறச் சுவராகவும் இருக்கலாம்.

அந்த இடத்தில் போய் நிற்பார். ஒரு போட்டோ எடுப்பார். பல்லைக் காட்டி அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரிப்பார். திரும்பி வந்து விடுவார். அவ்வளவுதான்!

"வேலை இல்லாதவன் செய்கிற வேலை" என்று சொல்லத் தோன்றும். ஆனால் அமெரிக்காவில் தொடங்கிய இந்தப் பொழுதுபோக்கு, கடல் தாண்டி ஜெர்மனி, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா என்று பல நாடுகளுக்குப் பரவி விட்டது. இதற்குப் பெயர் 'ஜியோஹேஷிங்'.

இது பிறந்த கதை சுவையானது.

யாரும் வராத பூங்கா

அமெரிக்காவில் ராண்டல் மன்ரோ என்று ஒரு கார்ட்டூனிஸ்ட் இருக்கிறார். பவுதிகம் படித்தவர். 'நாசா' விண்வெளி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 2005-ம் ஆண்டு முதல் 'எக்ஸ்.கே.சி.டி.' என்ற பெயரில் படக்கதை வரைந்து வருகிறார். குச்சி குச்சியாகக் கை, கால். முகத்தில் கண்ணும் கிடையாது, மூக்கும் கிடையாது. ஆனால் படிக்க ஏகப்பட்ட கூட்டம்!

2007-ம் ஆண்டு அவர் ஒரு படக்கதை போட்டார். அதில் வரும் வாலிபன் ஒரு கனவு காண்கிறான். கனவில் ஒரு பெண். அவள் அவன் காதில் சில எண்களைச் சொல்கிறாள்.

விழித்துப் பார்த்தால், அவை வெறும் எண்கள் அல்ல. பூமியில் ஓர் இடத்தின் அட்ச ரேகை, தீர்க்க ரேகை. கூடவே ஒரு தேதி, ஒரு நேரம்.

வாலிபன் காத்திருந்தான். அந்த நாளும் வந்தது. அந்த இடத்துக்குப் போய் நின்றான். யாரும் வரவில்லை. ஆசைப்பட்டால் மட்டும் நடந்து விடுமா என்று மனம் நொந்து கொள்வதோடு கதை முடிந்தது.

கதை முடிந்தது. ஆனால் வாசகர்கள் விடவில்லை!

கதையில் சொன்ன எண்கள் உண்மையான எண்கள். மசாசூசெட்ஸ் மாநிலம் கேம்பிரிட்ஜ் நகரில் உள்ள ஒரு சின்னப் பூங்காவை அவை காட்டின. தேதி 2007 செப்டம்பர் 23. நேரம் பிற்பகல் 2 மணி 38 நிமிடம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அந்தப் பூங்காவில் நூற்றுக்கணக்கானவர்கள் வந்து குவிந்தார்கள். கதை எழுதிய மன்ரோவும் வந்தார். யாரும் வராத இடம் என்று அவர் எழுதினாரே, அந்த இடத்தில் நிற்க இடம் இல்லை!

தினம் ஒரு புது இடம்

8 மாதம் ஓடியது. 2008 மே 21-ந் தேதி மன்ரோ இன்னொரு படம் போட்டார். இந்தத் தடவை கதை இல்லை. ஒரு கணக்கு.

ஒரே பூங்கா, ஒரே நாள் என்று இல்லாமல், ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு புது இடத்தைக் காட்டும் கணக்கு அது. அந்த இடத்தை மன்ரோ தேர்ந்தெடுப்பதில்லை. வேறு யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. அதாகவே விழும்.

வாரத்தில் எந்த நாளும் போகலாம். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் 4 மணி என்றால் அது பொதுச் சந்திப்பு. அந்த வட்டாரத்தில் ஆர்வம் உள்ளவர்கள் எல்லோரும் அந்த நேரத்துக்கு அங்கே ஆஜர் ஆக வேண்டும் என்பது வழக்கம்.

அழைப்பிதழ் கிடையாது. தலைவர், செயலாளர் கிடையாது. சந்தாவும் கிடையாது. எண் ஒன்றுதான் அழைப்பு.

கணக்கு எப்படி?

கணக்கு கேட்கக் கஷ்டமாக இருந்தாலும் புரிந்து கொள்வது சுலபம்.

பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார் காட்டிய உருண்டை ஞாபகம் இருக்கும். குறுக்கே ஓடுவது அட்ச ரேகை. நெடுக்கே ஓடுவது தீர்க்க ரேகை. இரண்டும் வெட்டிக் கொள்வதால் பூமி முழுக்கக் கட்டம் கட்டமாகப் பிரிகிறது. ஒரு டிகிரிக்கு ஒரு கட்டம்.

சென்னைப் பக்கத்தில் ஒரு கட்டம் தெற்கு வடக்காகச் சுமார் 111 கிலோமீட்டர். கிழக்கு மேற்காகச் சுமார் 108 கிலோமீட்டர்.

கட்டத்தின் முழு எண் ஊருக்கு ஊர் மாறும். அதற்குப் பின்னால் வரும் புள்ளிக் கணக்கு, அதாவது தசமப் பகுதிதான் விஷயம். அதை நாள்தோறும் புதிதாகத் தயார் செய்கிறார்கள்.

அதற்கு இரண்டு பொருள் வேண்டும். ஒன்று, அன்றைய தேதி. இன்னொன்று, நியூயார்க் ஷேர் மார்க்கெட்டில் 'டவ் ஜோன்ஸ்' குறியீட்டு எண் அன்று காலை எந்தப் புள்ளியில் திறந்தது என்பது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, 'எம்.டி.5' என்ற கம்ப்யூட்டர் கணக்கில் போட்டு அரைக்கிறார்கள். 32 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு சரம் வெளியே விழுகிறது. அதைச் சரிபாதியாக வெட்டுகிறார்கள். முதல் பாதி அட்ச ரேகையின் தசமம். இரண்டாம் பாதி தீர்க்க ரேகையின் தசமம். இடம் ரெடி!

அரைத்த மாவு கதைதான்

'எம்.டி.5' என்பது மாவு மில் மாதிரி. அரிசியைப் போட்டால் மாவு வரும். மாவைப் பார்த்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியாது. உள்ளே போடும் எண்ணில் ஒரே ஒரு இலக்கம் மாறினாலும் போதும், வெளியே வரும் சரம் அடியோடு மாறி விடும்.

இதை 1991-ல் உருவாக்கியவர் ரொனால்ட் ரிவெஸ்ட் என்ற பேராசிரியர். அவர் பணியாற்றிய எம்.ஐ.டி. கல்வி நிலையம் இருப்பதும் அதே கேம்பிரிட்ஜ் நகரில்தான். கூட்டம் குவிந்த பூங்கா இருக்கும் அதே ஊர்!

ரகசியக் காவலுக்காக வந்த இந்தக் கணக்கில் ஓட்டை இருப்பதை 2004-ல் சீன ஆராய்ச்சியாளர்கள் வெளிப்படுத்தினார்கள். அதனால் முக்கியமான பாதுகாப்பு வேலைகளுக்கு இதை இப்போது நம்புவதில்லை. ஆனால் விளையாட்டுக்கு இது போதும்.

மன்ரோ தம் படத்தில் காட்டிய உதாரணம் இது: தேதி 2005 மே 26. டவ் ஜோன்ஸ் திறந்தது 10,458.68 புள்ளியில். அரைத்ததில் வந்த தசமங்கள் .857713, .544543. சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்துக்கு இதைப் பொருத்தினால், கோல்டன் கேட் பாலத்துக்கு வடக்கே மலைப் பகுதியில் போய் விழுகிறது.

தசமத்துக்குப் பின் 6 இலக்கம் என்றால் சுமார் 11 சென்டிமீட்டர் துல்லியம். அரைச் சாண் அளவு!

ஷேர் மார்க்கெட் எதற்கு?

"தேதி மட்டும் போதாதா? நடுவில் ஷேர் மார்க்கெட் எதுக்கு?" என்ற கேள்வி எழும். அங்கேதான் கில்லாடித்தனம்.

தேதியை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால், அடுத்த வருஷம் தீபாவளிக்கு எந்த இடம் என்று இன்றைக்கே கண்டுபிடித்து விடலாம். விஷமம் செய்ய நினைப்பவன் முன்கூட்டியே போய் உட்கார்ந்து கொள்ளலாம்.

ஷேர் மார்க்கெட் நாளைக்கு எந்தப் புள்ளியில் திறக்கும் என்று யாருக்குத் தெரியும்? தெரிந்தவன் பணக்காரனாகி இருப்பானே! அதனால் யாரும் டபாய்க்க முடியாது. எண் வெளியான பிறகு மட்டுமே இடம் தெரியும். தெரியும்போது உலகத்துக்கே ஒன்றாகத் தெரியும்.

சனி, ஞாயிறு மார்க்கெட் லீவு. அதற்கு வெள்ளிக்கிழமை திறந்த எண்ணையே எடுத்துக் கொள்கிறார்கள். தேதி மாறுவதால் இடமும் மாறி விடுகிறது.

சென்னையில் ராத்திரி 7 மணிக்கு

நியூயார்க் மார்க்கெட் அங்கே காலை 9.30-க்குத் திறக்கிறது. கோடை காலத்தில் அது நம் ஊருக்கு ராத்திரி 7 மணி. குளிர் காலத்தில் 8 மணி. ஆபீஸ் விட்டு, மாலைப் பேப்பரோடு மின்சார ரெயிலில் வீடு திரும்பும் நேரம்.

அந்த நேரத்துக்குத்தான் 'இன்றைய' இடம் தெரிய வரும் என்றால், எப்போது கிளம்புவது? எப்போது போய்ச் சேருவது?

இந்தச் சங்கடம் முதல் வாரத்திலேயே புரிந்து விட்டது. அதனால் ஒரு திருத்தம் கொண்டு வந்தார்கள். ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆசியா, ஆஸ்திரேலியா பக்கம் இருப்பவர்கள் முந்தைய நாள் திறந்த எண்ணை எடுத்துக் கொள்ளலாம்.

ஆக, சென்னைவாசிக்கு வெள்ளிக்கிழமை ராத்திரியே சனி, ஞாயிறு, திங்கள் ஆகிய மூன்று நாள் இடமும் தெரிந்து விடும். சாப்பிட்டு விட்டுச் சாவகாசமாக யோசித்து, சனிக்கிழமை காலை பஸ் பிடிக்கலாம்.

சென்னையை வெட்டும் கோடு

இதில் சென்னைக்கு ஒரு வேடிக்கை இருக்கிறது. 13-வது அட்ச ரேகை நகரத்துக்குள்ளேயே ஓடுகிறது!

பரங்கிமலை, கிண்டி வட்டாரத்தை ஒட்டி வந்து, பெசன்ட் நகர் பக்கம் கடலில் இறங்குகிறது அந்தக் கோடு. தரையில் யாரும் கோடு போட்டு வைக்கவில்லை. ஆனால் கணக்கில் கோடு கோடுதான்.

மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோவில் கோட்டுக்கு வடக்கே. திருவான்மியூர் மருந்தீஸ்வரர் கோவில் கோட்டுக்குத் தெற்கே. ஆக, மயிலாப்பூர்க்காரருக்கு ஒரு புள்ளி, திருவான்மியூர்க்காரருக்கு வேறு புள்ளி. சைதாப்பேட்டைக்காரர் வடக்குக் கட்டம். வேளச்சேரிக்காரர் தெற்குக் கட்டம்.

80-வது தீர்க்க ரேகையும் தூரத்தில் இல்லை. திருநின்றவூருக்கும் திருவள்ளூருக்கும் இடையே புகுந்து போகிறது. இரண்டு கோடும் சந்திக்கும் மூலை, செம்பரம்பாக்கம் ஏரிக்கு மேற்கே, ஸ்ரீபெரும்புதூர் போகும் வழியில் இருக்கிறது.

அந்த மூலையில் ஒருவர் நின்றால் நான்கு கட்டத்துக்கும் அவர் சொந்தக்காரர். வடகிழக்கே பொன்னேரி, கும்மிடிப்பூண்டி. வடமேற்கே திருத்தணி, திருப்பதி. தென்மேற்கே காஞ்சீபுரம், வேடந்தாங்கல். தென்கிழக்கே தாம்பரம், மாமல்லபுரம்.

பத்துக்கு ஏழு கடல்!

வடசென்னை இருக்கும் கட்டத்தைப் படத்தில் பார்த்தால் ஓர் உண்மை தெரியும். அது 80-ல் தொடங்கி 81-ல் முடிகிறது. நம் கடற்கரையோ 80.3-ஐ ஒட்டியே முடிந்து விடுகிறது. அதற்கு அப்பால் முழுக்க வங்காள விரிகுடா.

அதாவது, பத்து நாளில் ஏறக்குறைய ஏழு நாள் புள்ளி கடலில்தான் விழும்! மன்ரோ காட்டிய உதாரணத் தசமத்தையே நம் கட்டத்தில் வைத்தால் 13.857713, 80.544543. கரையிலிருந்து 30 கிலோமீட்டருக்கும் அப்பால், நடுக்கடல்.

மிச்சம் இருக்கும் நிலத்திலும் எல்லா இடத்துக்கும் போய் விட முடியாது. ராக்கெட் ஏவும் ஸ்ரீஹரிகோட்டா இந்தக் கட்டத்துக்குள்தான் இருக்கிறது. தெற்குக் கட்டத்தில் கல்பாக்கம் அணுமின் நிலையம் இருக்கிறது. அங்கெல்லாம் புள்ளி விழுந்தால் வீட்டிலேயே இருந்து விடுவதுதான் புத்திசாலித்தனம்.

புழல் ஏரி, பழவேற்காடு ஏரி என்று தண்ணீரில் விழும் நாளும் உண்டு. தப்பித் தவறி ஒரு நாள் ரோட்டோரமாக விழுந்தால், அன்றைக்கு யோகம்!

முழு எண் தேடும் கோஷ்டி

ஜியோஹேஷிங்காரர்களுக்கு ஓர் அண்ணன் கோஷ்டி உண்டு. அவர்களுக்குத் தசமம் பிடிக்காது. இரண்டு ரேகையும் முழு எண்ணாக வெட்டிக் கொள்ளும் மூலைகளுக்கு மட்டும் போவார்கள்.

1996-ல் அலெக்ஸ் ஜாரட் என்ற அமெரிக்க வாலிபர் இதைத் தொடங்கினார். முதலில் அவர் போனது நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் 43-ம் 72-ம் வெட்டும் இடத்துக்கு. அங்கே என்ன இருந்தது? ஒன்றும் இல்லை. மரம்தான். ஆனாலும் படம் எடுத்துப் போட்டார். உலகம் முழுவதும் இருந்து ஆட்கள் சேர்ந்தார்கள். இரண்டு துருவங்களையும் சேர்த்தால் பூமியில் இப்படி மொத்தம் 64,442 மூலைகள். பெரும்பகுதி கடலில்.

ரேகை, டிகிரி என்பதெல்லாம் சென்னைக்குப் புதிது அல்ல. இந்தியாவை அளந்த மாபெரும் நில அளவை தொடங்கியதே இங்கேதான். 1802-ல் வில்லியம் லாம்ப்டன் என்ற ராணுவ அதிகாரி பரங்கிமலை அடிவாரத்தில் சுமார் 12 கிலோமீட்டர் தூரத்துக்குச் சங்கிலி போட்டு அளந்தார். அந்த அளவை வைத்துத்தான் இமயமலை வரை கணக்குப் போனது.

அன்று லாம்ப்டனுக்கு வாரக்கணக்கில் ஆன வேலை. இன்று சட்டைப் பையில் இருக்கும் போன் ஒரு நொடியில் "நீ நிற்பது இங்கே" என்கிறது.

100 மீட்டர் பிசகு

இந்த வசதியும் திடீரென்று வந்ததுதான். வானத்தில் சுற்றும் அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் இடத்தைக் காட்டும் முறைக்கு 'ஜி.பி.எஸ்.' என்று பெயர். முதலில் அது ராணுவத்துக்கு. பொதுமக்களுக்குக் கிடைத்த கணக்கில் வேண்டுமென்றே பிசகு கலந்து வைத்திருந்தார்கள். 100 மீட்டர் வரை தப்பாகக் காட்டும்.

2000-ம் ஆண்டு மே மாதம், கிளிண்டன் அதிபராக இருந்தபோது அந்தப் பிசகை நீக்கினார்கள். அடுத்த நாளே ஓரிகன் மாநிலத்தில் ஓர் ஆசாமி ஒரு வாளியைக் காட்டில் ஒளித்து வைத்து, "முடிந்தால் கண்டுபிடி" என்று எண்ணை அறிவித்தார். 'ஜியோகேஷிங்' என்ற புதையல் விளையாட்டு அப்படிப் பிறந்தது.

அதில் தேடிப் போனால் ஒரு டப்பாவாவது கிடைக்கும். ஜியோஹேஷிங்கில் அதுவும் கிடையாது!

பெட்டிக்குள் பிணம்!

எல்லாப் பயணமும் சிரிப்போடு முடிவதில்லை.

2020-ல் 'ரேண்டோநாட்டிகா' என்று ஒரு செல்போன் செயலி வந்தது. மனதில் எதையாவது நினைத்துக் கொள். பொத்தானை அமுக்கு. பக்கத்தில் ஏதோ ஓர் இடத்தைக் காட்டும். போய்ப் பார். நினைத்தது அங்கே இருக்கும் என்று ஆசை காட்டியது. நினைப்பதற்கும் எண்ணுக்கும் சம்பந்தம் உண்டு என்பதற்கு விஞ்ஞான ஆதாரம் எதுவும் இல்லை. ஆனாலும் கொரோனா ஊரடங்கில் வீட்டில் அடைந்து கிடந்த இளசுகள் இதைப் பிடித்துக் கொண்டார்கள்.

2020 ஜூன் மாதம் சியாட்டில் நகரில் சில விடலைப் பிள்ளைகள் இந்தச் செயலி காட்டிய வழியில் போனார்கள். கடற்கரைப் பாறை ஓரத்தில் ஒரு சூட்கேஸ் கிடந்தது. விளையாட்டாகப் படம் பிடித்துக் கொண்டே பெட்டியைத் திறந்தார்கள்.

குப்பென்று நாற்றம்!

பயந்து போன பிள்ளைகள் போலீசைக் கூப்பிட்டார்கள். பெட்டியில் இருந்தது மனித உடலின் பாகங்கள். கொலையானவர்கள் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் என்று விசாரணையில் தெரிந்தது. அவர்கள் குடியிருந்த வீட்டுக்காரரை அதே ஆண்டு ஆகஸ்டில் போலீசார் கைது செய்தார்கள். பிறகு கோர்ட்டில் குற்றம் நிரூபணமாகி, அவருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது.

"பார்த்தீர்களா, எண்ணுக்குச் சக்தி இருக்கு" என்று சிலர் கதை கட்டினார்கள். சக்தியும் இல்லை, பூதமும் இல்லை. எத்தனையோ பேர் எத்தனையோ மூலை முடுக்குக்குப் போகும்போது, ஒருவர் கண்ணில் ஏதோ ஒன்று படத்தான் செய்யும். வெறும் கல்லையும் முள்ளையும் பார்த்து விட்டுத் திரும்பியவர்கள் கதையை யார் பேசுகிறார்கள்?

மனநல ஆஸ்பத்திரி வாசலில்

சான் பிரான்சிஸ்கோவில் 'கூகுள்' கம்பெனி என்ஜினீயராக இருந்தவர் மேக்ஸ் ஹாக்கின்ஸ். நல்ல சம்பளம். தினமும் அதே வழி, அதே காப்பி, அதே நண்பர்கள். சலித்துப் போனது.

தாமே ஒரு செயலி எழுதினார். அது வாடகைக் காரைக் கூப்பிடும். ஏதோ ஓர் இடத்தில் இறக்கி விடும். எங்கே என்று முன்கூட்டிச் சொல்லாது.

முதல் சவாரி அவரைக் கொண்டு போய் இறக்கிய இடம், மனநல அவசர சிகிச்சைப் பிரிவின் வாசல்!

சிரித்துக் கொண்டே திரும்பினார். ஆனால் பழக்கத்தை விடவில்லை. பிறகு வேலையையும் விட்டு, எந்த ஊரில் வசிப்பது என்பதையே எண்ணிடம் விட்டு, 2 ஆண்டுக்கு மேல் உலகம் சுற்றினார். நம் ஊர் கிளார்க்குக்கு அந்த அளவு தேவை இல்லை. பஸ் கட்டணம் கட்டுப்படியானால் போதும்.

வேலி தாண்டக் கூடாது

ஜியோஹேஷிங்கில் எழுதாத சட்டம் போல ஒன்று உண்டு. எண் சொன்னது என்பதற்காக அடுத்தவர் வேலியைத் தாண்டக் கூடாது. ரெயில் பாதையில் இறங்கக் கூடாது. ஆற்று வெள்ளத்தில் இறங்கக் கூடாது.

போக முடியாமல் திரும்பினால் வெட்கம் இல்லை. "நிலம் தனியாருக்குச் சொந்தம்", "மழை", "சேறு" என்று காரணத்தை எழுதி வைத்து விடுவார்கள். தோற்ற பயணத்துக்கும் அங்கே மரியாதை உண்டு.

நம் நாட்டில் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின் 329-வது பிரிவு, குற்றம் செய்யவோ, உடையவரை மிரட்டவோ, தொந்தரவு செய்யவோ நினைத்து அத்துமீறி நுழைவதற்கு 3 மாதம் வரை சிறை என்கிறது. ஏன் நுழைந்தாய் என்று கேட்டால், "எண் சொல்லிச்சு சார்" என்று இன்ஸ்பெக்டரிடம் சொல்லிப் பார்ப்பது சுலபமாக இருக்காது.

எல்லாவற்றையும் விட எளிய வழி, கேட்பதுதான்.

"யாரப்பா அது? கொல்லையிலே என்ன வேலை?" என்று தோட்டக்காரர் அதட்டினால் ஓடக் கூடாது. "ஒண்ணும் இல்லீங்க ஐயா. ஒரு கணக்கு விளையாட்டு. அந்த வேப்ப மரத்துப் பக்கம் நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கலாமுங்களா?" என்று கேட்டால், பத்துக்கு எட்டுப் பேர் சிரித்து விட்டு வழி விடுவார்கள். மீதி இரண்டு பேர் மாட்டேன் என்றால், கும்பிடு போட்டு விட்டுத் திரும்பி விட வேண்டும்.

பெண்கள் தனியே போக வேண்டாம். இருட்டிய பிறகு யாருமே வேண்டாம். எங்கே போகிறோம் என்று வீட்டில் ஒருவருக்காவது சொல்லி விட்டுப் போக வேண்டும். கோடையில் தொப்பி, தண்ணீர் அவசியம். போனில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துக் கொள்வது அதை விட அவசியம்.

என்ன கிடைக்கும்?

"சரி, இவ்வளவு தூரம் போய் என்ன கிடைக்கும்?"

நியாயமான கேள்வி. பணம் கிடைக்காது. புண்ணியமும் கிடைக்காது.

ஆனால் ஒன்றை யோசித்துப் பார்க்கலாம். 20 வருஷமாகத் தாம்பரத்திலிருந்து கோட்டைக்கு ஒரே ரெயிலில் போய் வருபவர், வழியில் உள்ள எல்லா ஸ்டேஷனின் பெயரையும் மனப்பாடமாகச் சொல்வார். அந்த ஸ்டேஷன்களில் எத்தனையில் இறங்கி இருக்கிறார் என்று கேட்டால் விரல் விட்டு எண்ணி விடலாம். நாம் போகும் இடமெல்லாம் வேலை கூப்பிட்ட இடம், கல்யாணப் பத்திரிகை கூப்பிட்ட இடம், டாக்டர் கூப்பிட்ட இடம்.

நமக்கு எந்த வேலையும் இல்லாத ஓர் இடம் பத்து கிலோமீட்டரில் இருக்கிறது. அங்கேயும் ஒரு டீக்கடை இருக்கிறது. ஒரு பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். "எந்த ஊரு தம்பி?" என்று கேட்கிறார். எண் இல்லா விட்டால் அவரை நாம் பார்த்திருக்கவே மாட்டோம்.

எண்ணுக்கு ஆள் பார்க்கத் தெரியாது. பணக்காரன் ஊர், ஏழை ஊர் என்று பேதம் தெரியாது. சுற்றுலா நோட்டீசில் பெயர் வராத ஊரிலும் அது விழும்.

பல சனிக்கிழமைகளில் போகிறவர் ஒருவராகத்தான் இருப்பார். 4 மணிக்குப் போய் நிற்பார். சுற்றும் முற்றும் பார்ப்பார். 4.15 ஆகும். யாரும் வர மாட்டார்கள். படம் எடுத்துக் கொண்டு கிளம்பி விடுவார், அந்தப் படக்கதை வாலிபனைப் போலவே.

ஆனால் என்றாவது ஒரு சனிக்கிழமை, வரப்பு மேல் இன்னோர் ஆள் போனைப் பார்த்துக் கொண்டே நடந்து வருவார். இருவரும் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

"நீங்களும் அதுக்குத்தானா?"

"ஆமாங்க. உங்க கணக்குலயும் இந்த இடம்தானா?"

பெயர் தெரியாது. ஊர் தெரியாது. ஆனால் அந்த ஒரு நிமிஷத்துக்கு அவர்களை விட நெருக்கமான சிநேகிதர்கள் உலகத்தில் கிடையாது. கேம்பிரிட்ஜ் பூங்காவில் நூற்றுக்கணக்கானவர்கள் கூடியதும் இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான்.

நாளைக்கும் சென்னைக் கட்டத்தில் ஒரு புள்ளி விழும். பெரும்பாலும் கடலில்தான் விழும். ஒருவேளை, உங்கள் தெருவிலும் விழலாம்.

அன்றைக்கு வாசலில் யாராவது போனைப் பார்த்துக் கொண்டு முழித்துக் கொண்டு நின்றால், திருடன் என்று சத்தம் போட வேண்டாம். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, "தம்பி, நம்பர் பார்த்து வந்தீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள்.